சட்டைப்பையில் லைட்டர் கிடைத்த அன்று ராத்திரி என்ன செய்ய வேண்டும்

அக்கா போன் பண்ணும்போது மணி ஒன்பதரை இருக்கும். பிளஸ் ஒன் படிக்கிற மகனுடைய சட்டையைத் துவைக்க எடுத்திருக்கிறாள், பையில் கொஞ்சம் சில்லறை, இரண்டு மின்ட் மிட்டாய், ஒரு லைட்டர். "அவங்கப்பா வந்தா அடிச்சே போட்டுருவாரு, நீ உடனே கிளம்பி வாடா" என்று அழுதாள். திருப்பூரில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் பத்து நிமிடத் தூரம்தான். நான் போகவில்லை. "லைட்டரை எடுத்து வை, மாமாகிட்ட எதுவும் சொல்லாதே, அவன்கிட்டயும் இன்னைக்குக் கேட்காதே, ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குக் கோபம்தான். ஆனால் நான் பதினைந்து வயதில் சிகரெட் பிடிக்க ஆரம்பித்து இருபத்தேழு வயதில் விட்டவன். என் அப்பா கண்டுபிடித்த அன்று பெல்ட்டால் அடித்தார். அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது, வாசனை வராமல் பிடிப்பது எப்படி என்பது மட்டும்தான். பிடிப்பதை நிறுத்த அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் ஆனது.

அதனால் முதல் வேலை, கண்டுபிடித்த அன்று ராத்திரி எதுவும் செய்யாமல் இருப்பது. இது விட்டுக்கொடுப்பது இல்லை. கோபத்தில் கேட்கிற கேள்விக்குப் பொய்தான் பதிலாக வரும், ஒருமுறை பொய் சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்ற அவன் இன்னும் பத்துப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். வாயை ஊதிக் காட்டச் சொல்வது, தங்கச்சி முன்னால் பையைக் கொட்டிப் பார்ப்பது, பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் போன் போட்டுச் சொல்வது, இதெல்லாம் வேண்டாம். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றானதும் அவனுக்கு இழக்க எதுவும் மிச்சமில்லை. "எப்படியும் கெட்ட பேர் வந்துருச்சு" என்கிற அந்த நினைப்பு மோசமானது.

எப்படிப் பேச ஆரம்பிப்பது

எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசாதீர்கள், அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பேசுங்கள், நடக்கும்போது, பஸ்ஸில், வெங்காயம் உரிக்கும்போது. நான் அவனை ஞாயிறு காலையில் கறிக்கடைக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். இரண்டு பேரும் கடைக்காரர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம், அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. "நான் முதல்தடவை தம் அடிச்சப்ப வாந்தி எடுத்தேன்டா, உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னால், "தலை சுத்துச்சு மாமா" என்றான். பேச்சு அங்கே ஆரம்பித்தது.

கவனித்தீர்களானால் "நீ பிடிக்கிறாயா" என்று நான் கேட்கவில்லை. ஆமா, இல்லை என்று பதில் வருகிற கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வான். "ஏன்டா பிடிச்ச" என்பதும் கேள்வி இல்லை, அது திட்டு. எப்போது, யாரோடு, எப்படி இருந்தது, அப்புறம் என்ன ஆச்சு, இப்படிக் கேளுங்கள். அவன் சொல்வதில் பாதிக்கு உங்களுக்கு ரத்தம் கொதிக்கும், கேட்டுக்கொண்டே இருங்கள். அப்பா அம்மாவால் முடியாது என்றால் மாமா, சித்தப்பா, விளையாட்டு வாத்தியார், யாராவது ஒரு பெரியவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அடி விழாது என்று அவன் நம்புகிற ஒரே ஒரு ஆள் போதும். நான் இங்கே சொல்லப்போகிற மற்ற எல்லாமே அந்த ஒரு ஆள் இருந்தால்தான் நடக்கும்.

புற்றுநோய் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை நான் செய்வதில்லை. பொய் என்பதால் இல்லை, அது முழு உண்மை. ஆனால் பதினாறு வயதுப் பையனுக்கு ஐம்பது வயது என்பது வேறு யாருக்கோ வரப்போகிற வயது. அவனுக்கு இன்றைக்கு வலிக்கிறதைப் பேசுங்கள். கபடியில் இரண்டாவது ரெய்டுக்கே மூச்சு வாங்குகிறது, விரலில் வாடை போக மாட்டேன் என்கிறது, காசு. ஒரு சிகரெட் இருபது ரூபாய் என்று வைத்து நானும் அவனும் கணக்குப் போட்டோம், ஒரு நாளைக்கு மூன்று என்றால் அறுபது, மாதம் 1,800, வருஷத்துக்கு 21,900 ரூபாய். வண்டியின் முன்பணமே அதில் வந்துவிடும் என்று அவனே சொன்னான்.

மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

விடு என்று சொல்வதற்கு முன்னால், எந்த சிகரெட் எதற்காக என்று தெரிய வேண்டும். அவனைக் கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று நாள் எழுதச் சொன்னேன். நேரம், இடம், கூட யார், அப்போது மனசு எப்படி இருந்தது, அவ்வளவுதான். நோட்டைக் காட்டினான். காலை 8.10, பஸ் ஸ்டாண்டு, தனியாக, 'சும்மா'. மாலை 4.45, பள்ளிக்குப் பின்னால் டீக்கடை, நான்கு பேர். ராத்திரி 8.30, டியூஷன் முடிந்து, ஒரே ஒரு நண்பனோடு. அந்த மூன்றாவதுக்கு நேராக 'டென்ஷன்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான். ஒவ்வொரு வாரமும் டியூஷனில் டெஸ்ட், மார்க்கை எல்லார் முன்னாலும் வாசிக்கிறார்கள். அக்காவுக்கு அது தெரியாது. எனக்கும் அந்த நோட்டைப் பார்க்கும் வரை தெரியாது.

இந்த மூன்றும் மூன்று வேறு வேறு விஷயங்கள். காலையில் பிடிப்பது பழக்கம், ஐந்து நிமிடம் முந்தி வருகிற பஸ்ஸைப் பிடித்தால் அது போய்விட்டது. மாலையில் பிடிப்பது கூட்டம். ராத்திரி பிடிப்பது வலி, அதற்கு மருந்து டியூஷனை மாற்றுவதுதான். மாற்றினோம்.

கூட்டத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அந்த டீக்கடையை நான் போய்ப் பார்த்தேன். கம்பத்தில் ஒரு கயிறு கட்டி நுனியில் நெருப்பு கனன்றுகொண்டே இருக்கிறது, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் குனிந்து பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள், பாக்கெட்டாக வாங்கக் காசில்லாத பிள்ளைக்கு ஒன்றொன்றாகக் கிடைக்கிறது. 2003-ஆம் ஆண்டு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது, சிறுவர்களுக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதைத் தனியாகப் போய்க் கடைக்காரரிடம் சொன்னால் சண்டையாகும். நாலைந்து பெற்றோராகச் சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, தலைமையாசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அப்படியும் கேட்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள். கடை இருக்கிற இடத்தில் பையன் மனசை மட்டும் கட்டுப்படுத்தச் சொல்வது நியாயமே இல்லை.

வேண்டாம் என்று சொல்வதற்கும் பழக வேண்டும். மனசில் நினைத்தால் போதாது, வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நான் அவன் நண்பன் மாதிரி நடித்து நீட்டுவேன், அவன் மறுப்பான். "விட்டுட்டேன்டா" என்று சொன்னால் அன்றைக்கு முழுக்க ஓட்டுவார்கள் என்றான், சரி. "மூச்சு வாங்குது, மேட்ச் முடியற வரைக்கும் வேண்டாம்" என்பது எடுபட்டது. கையில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டே நிற்பது, பற்றவைக்கிற நேரத்தில் கடலை மிட்டாய் வாங்கப் போவது, இப்படிச் சின்னச் சின்ன வழிகளை அவனே கண்டுபிடித்தான்.

விடுகிற நாளும் அடுத்த மூன்று நாளும்

நாள் குறியுங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் வேண்டாம், கோயில் திருவிழா வாரம் வேண்டாம். முந்தின நாள் ராத்திரி லைட்டர், மிச்சம் இருக்கிறது எல்லாவற்றையும் அவன் கையாலேயே தூக்கிப் போடட்டும், 'அவசரத்துக்கு ஒண்ணு' என்று வைக்கக் கூடாது.

புகையை இழுத்த பத்து நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ஏறின அளவு இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது, அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது. வளர்கிற மூளை இதற்குச் சீக்கிரம் அடிமையாகும், தினமும் பிடிக்காத பிள்ளைக்குக்கூட ஏக்கம் வரலாம். விட்ட பிறகு முதல் மூன்று நாள்தான் உச்சம். எரிச்சல், தூக்கம் வராமை, தலைவலி, கண்டபடி பசி, படிப்பில் மனம் நிற்காது. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் இது அடங்கிவிடும். அந்த மூன்று நாள் அவன் கதவை அறைந்து சாத்தினாலும், சாப்பாட்டைத் தள்ளிவிட்டாலும், வீட்டில் யாரும் பதிலுக்குக் கத்த வேண்டாம். அக்காவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன், "காய்ச்சல் பையன்னு நினைச்சுக்கோ" என்று.

ஏக்கம் வருகிறபோது அது ஒரு அலை மாதிரி, மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்தினால் போதும். ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாகக் குடிக்கலாம், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கலாம், பத்துத் தடவை மூச்சை ஆழமாக இழுத்து விடலாம். வாயில் போட்டுக்கொள்ள கிராம்பு, உப்பில் ஊறின நெல்லிக்காய், வறுத்த கடலை. இவன் பையில் ஒரு சின்ன டப்பாவில் கிராம்பும் கல்கண்டும் வைத்திருந்தான். டீயோடு சேர்ந்தே சிகரெட் பழகியவர்கள் ஒரு மாதம் டீயை வீட்டில் மட்டும் குடிப்பது நல்லது. மருந்துக் கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது என்று நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அதை மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சிகரெட்டுக்குப் பதில் வேப் (மின்-சிகரெட்) என்று எவனாவது சொல்லுவான், அதிலும் பெரும்பாலும் நிகோடின்தான், 2019-லிருந்து நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற கூல் லிப் மாதிரிப் புகையிலைப் பொட்டலத்தில் புகை வராது, வாசனை தெரியாது, வகுப்பறையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதனால் லைட்டர் இல்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம், ஈறு வெந்திருக்கிறதா, அடிக்கடி துப்புகிறானா என்று கவனியுங்கள்.

மறுபடி பிடிப்பான். எங்கள் பையன் பத்தொன்பதாவது நாள் தேர் அன்றைக்குப் பிடித்துவிட்டான், மறுநாள் அவனாகவே போனில் சொன்னான். நான் கேட்டது, எங்கே, யார் நீட்டினார்கள், நீட்டுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும்தான். பத்தொன்பது நாள் வீணாகவில்லை, அந்தப் பத்தொன்பது நாளும் நுரையீரல் புகை இல்லாமல்தான் இருந்தது. திரும்ப முதல் நாள் என்று காலண்டரில் எழுதினோம்.

குடி வேறு மாதிரி

சிகரெட் தினசரி வரும், சரக்கு அப்படி இல்லை. பிறந்தநாள், காதுகுத்து, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, யாராவது இறந்து ஊர்வலம் போகிற அன்று, இப்படித்தான் முதல் பீர் கைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. பையன்கள் நேராகக் கடைக்குப் போவதில்லை, வெளியே நிற்கிற யாரோ ஒரு 'அண்ணன்' ஒரு கட்டிங்குக்காக வாங்கிக் கொடுக்கிறார். சில வீடுகளில், "வெளியே போய்க் குடிக்கறதுக்கு நம்ம முன்னாடியே கொஞ்சம் குடிக்கட்டும்" என்கிற பேச்சு இருக்கிறது. இது பிள்ளையைக் காப்பாற்றாது. வீட்டில் அனுமதி கிடைத்த பிள்ளை வெளியில் குறைவாகக் குடிப்பதில்லை, தடை நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறான்.

குடி விஷயத்தில் நான் ஒரே ஒரு வாக்குக் கொடுத்தேன். எந்த ராத்திரி, எந்த நிலையில், எங்கே இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு, வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், அன்றைக்கு ஒரு கேள்வி கேட்க மாட்டேன், குடித்தவன் ஓட்டுகிற வண்டியில் மட்டும் ஏறாதே. போன சித்திரையில் ராத்திரி 11.40-க்கு அந்தப் போன் வந்தது. "மாமா, பல்லடம் ரோட்ல மண்டபத்துக்கிட்ட நிக்கறேன், வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" அவன் குடித்திருக்கவில்லை, வண்டி ஓட்ட வேண்டிய நண்பன் குடித்திருந்தான். போய்க் கூட்டிவந்தேன், வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் உட்கார்ந்து பேசினோம். இந்த வாக்கைக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும், வருகிற வழியில் வண்டியிலேயே திட்ட ஆரம்பித்தீர்கள் என்றால் அடுத்த போன் வராது.

இதைப் பெற்றோர் மட்டும் இல்லை, பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகமாகக் குடித்து 'மட்டை' ஆனவனை ஒரு மூலையில் படுக்கப் போட்டுவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்கள், அங்கேதான் உயிர் போகிறது. கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லென்று இருக்கிறது, உதடு நீலமாகிறது, வலிப்பு வருகிறது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மல்லாந்து படுத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, தலையில் தண்ணீர் ஊற்றுவது, கறுப்புக் காபி, எலுமிச்சை, மோர், எதுவும் ரத்தத்தில் இருக்கிற போதையை இறக்காது, கல்லீரல் அதன் வேகத்தில்தான் இறக்கும். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து 108-ஐக் கூப்பிடாமல் இருக்காதே என்று உங்கள் பிள்ளையிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

தினமும் குடிக்கிற நிலைக்குப் போய்விட்ட பிள்ளை என்றால் வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்தப் பார்க்காதீர்கள். கை நடுக்கம், வியர்வை, குழப்பம், வலிப்பு வரை போகலாம். அது ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டிய வேலை. அப்புறம் பஸ்ஸில், சுவரில் ஒட்டியிருக்கும், 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று, அந்தப் பக்கமே போகாதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்கிற மாத்திரைகள் உண்டு, அதைச் சாப்பிட்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அடித்துத் திருத்துகிற, உரிமம் இல்லாத மையங்களில் கொண்டுபோய் விடுவதும் அப்படித்தான், உள்ளே போன பிள்ளை வேறு பெரிய பழக்கத்தோடு வெளியே வரலாம்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. "கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வாடா", "தண்ணி பாக்கெட்டும் மிக்சரும் எடுத்துட்டு வா" என்று பிள்ளையை அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். எங்கள் மாமாவும், அதாவது பையனின் அப்பாவும், அப்படி அனுப்பியவர்தான், பையன் முதல் சிகரெட்டை அந்த வழியில்தான் கையில் தொட்டிருக்கிறான். அவரிடம் இதைச் சொன்ன அன்று பேசாமல் எழுந்து போய்விட்டார். ஒரு மாதம் கழித்து அவரும் குறைக்க ஆரம்பித்தார், இப்போது வீட்டுக்குள் பிடிப்பதில்லை. நீங்கள் விட முடியாமல் தவிப்பதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள், "என்னால முடியலடா, நீ மாட்டிக்காதே" என்று அப்பா சொல்வது அறிவுரையைவிட ஆழமாக இறங்கும். பெண் பிள்ளைகள் வீட்டில் இது நடந்தால் அவசரமாகக் கல்யாணம் பேசுவது, படிப்பை நிறுத்துவது என்று போய்விடுகிறார்கள், அது தண்டனை, சிகிச்சை இல்லை. அவளுக்கும் இதே பேச்சு, இதே பொறுமை, இதே மருத்துவர்தான்.

எங்கே கேட்பது

புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவுகிற இலவச எண் 1800-11-2356. பிள்ளை தனியாகப் பேசலாம். டெலி மானஸ் 14416, மனசு சம்பந்தப்பட்ட எதற்கும், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய எண் 14446. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெளிநோயாளி சீட்டு எடுத்தால் போதும். சென்னையில் 1980-லிருந்து குடிநோய்க்குச் சிகிச்சை தருகிற டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷனைப் பலர் டி.டி.கே. மருத்துவமனை என்று சொல்வார்கள், அங்கே குடும்பத்தாரையும் சேர்த்தே உட்கார வைத்துப் பேசுகிறார்கள்.

பிள்ளை வர மறுத்தால் நீங்கள் மட்டும் கூப்பிடுங்கள். அக்கா அப்படித்தான் ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது 14416-க்குப் பேசினாள். மகனைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள், பாதி நேரம் தன்னைப் பற்றித்தான் பேசினாளாம், தூக்கம் வராததை, வீட்டுக்காரர் மேல் இருக்கிற பயத்தை. அன்றைக்குச் சாயங்காலம் பையன் பள்ளிவிட்டு வந்தபோது சட்டைப்பையைத் தடவிப் பார்க்காமல் தட்டில் இட்லி வைத்தாள் என்று அவன்தான் எனக்குச் சொன்னான்.